மணி சொல்லும் வேலை

கத்தி எடுத்துக் கொடுப்பது என் வேலையல்ல.
அது செல்வக்கனி அக்காவின் வேலை.
நான் சுவரோரம் நின்று
கடிகாரம் பார்த்து
நிமிடம் சொல்கிறவள்.

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட்,
வியாழக்கிழமை, முதல் கேஸ்.
உச்சிமாகாளி, ஐம்பத்திமூன்று,
கன்னடியன் கால்வாயில் லஸ்கர்.
ஷட்டர் திருகித் திருகி
வலது தோள் மட்டும் பெருத்த ஆள்.

வாய்வு என்றுதான் வந்தார்.
ஓமத்தண்ணீர் குடித்து, சோடா குடித்து,
மகள் ஏசிய பிறகு ஸ்கேனுக்கு வந்தார்.
ஜெல்லைத் தடவியபடி பேசிக்கொண்டே இருந்த பெண்
இடப்பக்கம் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினாளாம்.
"அந்தப் பிள்ள வாய மூடுனப்பவே
தெரிஞ்சு போச்சு சிஸ்டர்."

சிடி எடுக்கையில் மருந்து ஏறி
அடிவயிறெல்லாம் சூடு பரவ
துணி நனைந்துவிட்டதென்று பதறியிருக்கிறார்.
நனையவில்லை.
மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர்
என்று எழுதி வந்தது.

டாக்டர் ஞானதிரவியம் சீட்டின் பின்பக்கம்
சிறுநீரகம் வரைந்தார்.
(அவர் வரைந்தால் அது முந்திரிக்கொட்டை.)
கீழ்முனையில் ஒரு வட்டம்.
"ஊசி வச்சு சதை எடுத்துப் பாக்க வேண்டாமா?"
பிரம்மசக்தி கேட்டாள், பெண்டாட்டி.
"படமே சொல்லுதும்மா."
"அப்பம் முழுசா எடுத்துட்டா நிம்மதில்லா?"
"சுகர் இருக்கு அவருக்கு.
இன்னொண்ணு எத்தன வருசம் தனியா இழுக்கும்?"
மருந்து எதுவும் எழுதாத அந்தச் சீட்டை
மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பக்கவாட்டில் படுக்கவைத்து
மேசையை நடுவில் வளைத்தார்கள்.
விலாவுக்குக் கீழே தோல், சதை,
பிறகு கொழுப்பு, கொழுப்பு, இன்னும் கொழுப்பு.
விலக்க விலக்க, கடைசியில்
வழவழப்பாய், கருஞ்சிவப்பாய்,
ஒரு முனையில் மட்டும்
யாரோ உள்ளிருந்து கட்டைவிரலால் முட்டுவதுபோல.

ரத்தக்குழாயைக் கவ்வும் கிடுக்கிக்குப்
புல்டாக் என்று பெயர்.
சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.
பெயர் வைத்த ஆளை ஒருநாள் பார்க்க வேண்டும்.

"கிளாம்ப்."
பத்து பதினாலு.
இருபத்தைந்துக்குள் திறந்தாக வேண்டும்.
தாண்டினால் மிச்சம் வைத்ததும் வீண்.

"மூணு."
கட்டியை ஒட்டியல்ல,
ஒரு நூல் தள்ளி ஓடியது வெட்டு.
"எட்டு."
தட்டில் விழுந்தது.
அறுத்தால் உள்ளே பொன்மஞ்சள் என்பார்கள் லேபில்.
எங்களுக்கு அது மூடின டப்பா.
"பதிமூணு."
தையல் நூல் அறுந்தது.
"பதினேழு" என்றேன்.
"சத்தமா."
"பதினேழு!"

கார் நடவுக்குத் தண்ணீர் கேட்டு
ஊரே கரையில் வந்து நிற்கும்போது
இந்த ஆள் எப்படித் திருகியிருப்பார்,
அவசரமாகவா, நிதானமாகவா?
நினைக்கக் கூடாது.
நினைத்தால் ஒரு நிமிடம் விட்டுப்போகும்.

"இருபத்திரண்டு."
"ரிலீஸ்."
சாம்பல் பூத்துக் கிடந்தது
ஓரத்திலிருந்து நிறம் பிடித்தது.
ஒரு தையலோரம் கசிந்தது.
விரல் வைத்து அழுத்தினார்.
நாங்கள் எல்லாரும் அந்த விரலைப் பார்த்தோம்.
நின்றது.

மாலை வண்ணாரப்பேட்டை சிக்னலில்
சிவப்பு எண்கள் இறங்கின,
நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு.
என் வாய் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட்.
கேன்சர்தான். ஓரங்கள் சுத்தம்.
இரண்டாவது வரியை மட்டும்
மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள் பிரம்மசக்தி.

ஆறு மாதம் கழித்து
கிரியேட்டினின் ரிசல்ட்டுக்காக
வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.
"மணி என்னாச்சு சிஸ்டர்?
ஒண்ணரைக்கு வீரவநல்லூர் பஸ்ஸு."
தியேட்டருக்குள் வாட்ச் ஆகாது,
வெளியே கட்டும் பழக்கமும் போய்விட்டது.
உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.
"பன்னெண்டு அஞ்சு."
"நேரம் கெடக்கு" என்றவர்
செருப்பைக் கழற்றிவிட்டு
காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.